நீ வராத கல்யாணத்தில் நீ நின்ற படம்

பூஞ்சேரி
30-1-2008

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா செங்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் நைனா, தங்கச்சி திவ்யா, மாப்பிள்ளை, எட்டாம் மாதம் நடக்கிற பாப்பா எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே தோகாவில் நீ தலை முதல் கால் வரைக்கும் எப்படி இருக்கிறாய் என்று எழுது. எல்லா அம்மாவும் வழக்கத்துக்குக் கேட்பதுதானே என்று அடுத்த வரிக்குத் தாவிவிடாதே, இந்தத் தடவை காரணத்தோடு கேட்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திவ்யா போனில் சொல்லி நீ சிரிக்க வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை அவளோடு நான் பெரிய சண்டை போட்டேன். பாப்பாவின் காது குத்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். என் கல்யாணத்துக்கே அண்ணன் வரல, காது குத்துக்கு எங்க வரப்போவுதும்மா என்று அவள் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். வராமல் என்னடி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் வாழை இலை நறுக்கும்போது இடது கட்டை விரலை வெட்டிக்கொண்டு வந்து நின்றானே, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்து நான்தானே என் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன், நன்றி கெட்டவளே என்று கத்தினேன். அவள் பாப்பாவைக் கீழே விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். யம்மா, இன்னா பேசற நீ, அண்ணன் அன்னிக்கு கத்தார்ல டூட்டி பாத்துகினு இருந்துச்சு, நீ மண்டபத்து வாசல்ல உக்காந்து போன் பண்ணி அழுதியே என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம், அழுதேன். போனைக் காதில் வைத்து அழுததும் ஞாபகம் இருக்கிறது, உன் விரலுக்குக் கட்டுப் போட்டதும் ஞாபகம் இருக்கிறது, சுண்ணாம்பு பட்டதும் நீ ஸ்ஸ் என்று இழுத்ததுகூடக் காதில் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் நடந்தது என்றால் மற்றது எப்படி வந்தது சொல். அதோடு நான் எந்தக் காலத்தில் வேட்டி கட்டினேன், அதையும் யோசித்தேன்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. கல்யாணம் முடிந்து குடும்பப் படம் எடுத்தபோது நீ இல்லாதது பல் விழுந்த மாதிரி இருந்தது என்று, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற சீனு, உன் பாஸ்போர்ட் போட்டோவை வாங்கிக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் உன்னைச் சேர்த்துக் கொடுத்தான் இல்லையா. எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் சந்தனக் கலர் சட்டையும் வாட்சும் போட்டுக்கொண்டு, இடது கட்டை விரலில் வெள்ளைத் துணிக் கட்டோடு ஜம்மென்று நிற்கிறாய். முகம் மட்டும் பாஸ்போர்ட் முகம், மேலே பல்லி விழுந்தவன் மாதிரி முழி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை எல்லோரும் இப்படித்தானே சேர்த்துக்கொள்கிறார்கள், நாமும் சேர்த்தோம், கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டினோம். ஒன்றரை வருஷமாகத் தினமும் பார்த்தாகிறது. இப்போது கேட்டால் திவ்யாவைத் தவிர ஊரில் யாருக்கும் நீ வராத ஞாபகமே இல்லை. சம்பந்தி உலகநாதன், உங்க பையன்தாங்க என் பையத் தூக்கிக்கினு வந்து மதுராந்தகம் பஸ்ல ஏத்தி வுட்டாரு, தங்கமான புள்ள என்கிறார். உன் நைனா சிலை ஏற்றுகிற வண்டியைக் கழுவிக்கொண்டே, அவன் பந்தியில ஐஸ்கிரீம் ரெண்டு ரெண்டா குடுத்துகினு இருந்தான், அதான் கடைசிப் பந்திக்கு இல்லாம பூட்ச்சு என்று உன்னைத் திட்டினார். செய்யாத தப்புக்கு நீ திட்டு வாங்குகிறாய், பரவாயில்லை, செய்த தப்புக்கு வாங்காமல் விட்டதில் கழித்துக்கொள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் மாமா எங்கே என்று கேட்டால் அந்தப் படத்துக்குக் கை நீட்டுகிறாள். முகத்தைத் தொடுவதில்லை. கீழே விரலில் இருக்கிற அந்தத் துணிக் கட்டைத்தான் உள்ளங்கையால் தட்டுகிறாள்.

அந்தக் கட்டு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க அடுத்த வீட்டு ஷபானாவிடம் போனேன். அவள் நிக்காஹ் படம் தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கும், நூறு தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ரியாத்திலிருந்து நிக்காஹ்வுக்கு வர முடியாமல் போன அவள் அண்ணன் அதே சந்தனக் கலர் சட்டையில் நிற்கிறான், அதே வாட்ச், இடது கட்டை விரலில் அதே வெள்ளைத் துணி, முடிச்சின் வால்கூட அதே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஷபானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னாக்கா இது, உன் புள்ளையும் எங்க அண்ணாத்தயும் ஒரே கத்தியில வெட்டிக்கினாங்களா என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆனா அக்கா, எங்க அண்ணன் அன்னிக்குக் கட்டோட பிரியாணி அண்டாவத் தூக்கினது எனக்கு நல்லா ஞாபகம் கீதே என்றாள். நான் ரவிக்கையை வாங்காமலே வந்துவிட்டேன்.

சீனுவிடம் போய்க் கேட்டேன். அவன் ஒன்றும் மறைக்கவில்லை, பாவம் நல்ல பையன்தான். அக்கா, உன் புள்ள போட்டோல மார் வரைக்கும்தான கீது, கீழ உடம்பு வேணாமா, அதுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு உடம்பு வச்சிக்கினு கீறேன், தலய மட்டும் மாத்தி மாத்தி வைப்பேன் என்றான். காட்டு என்றேன். காட்டினான். கலை, நான் காலையில் இட்லிக் கடையில் நூறு பேர் முகத்தைப் பார்க்கிறவள், எதற்கும் பயப்படமாட்டேன். ஆனால் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். முழு ஆள் நிற்கிறான், சட்டை, வாட்ச், கட்டுப் போட்ட விரல் எல்லாம் இருக்கிறது, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பின்னாலும் ஒன்றும் இல்லை, சுவர் இல்லை, தரை இல்லை, உன் நைனா லுங்கி மாதிரி சின்னச் சின்னக் கட்டம்தான். தலைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி நின்றான். இது யாருடா என்று கேட்டேன். தெரியலக்கா, செங்கல்பட்டுல ஒரு ஸ்டூடியோவ மூடசொல்லோ இந்தக் கம்ப்யூட்டர செகண்ட் ஹேண்டுல வாங்கினேன், அதுக்குள்ளயே இவரு இருந்தாரு என்றான். தலை எங்கே என்றேன். தேடிப் பாத்தேன், இல்ல, உடம்பு மட்டும்தான் வந்துச்சு என்றான். இவர் என்றுதான் சொல்கிறான், மரியாதையாக. எத்தனை வீட்டுக்கு இவரை அனுப்பினாய் என்றால் கணக்கு இல்லை என்கிறான். பூஞ்சேரி, தேவனேரி, கல்பாக்கம் குவாட்டர்ஸ், எந்த வீட்டுப் பிள்ளை வெளியூரில் இருந்தாலும் இவர்தான் போய் நிற்கிறார். எத்தனையோ வருஷமாக அந்தக் காயம் ஆறவே இல்லை பார். பெற்றவள் யாரோ, அவள் வீட்டுப் படத்தில் யாரை நிற்க வைத்தாளோ.

சரி, உனக்கே எழுதிவிடலாம் என்று பஸ் நிலையத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன், அங்கே இருக்கிற ரோகிணி என் பேரில் மெயில் திறந்து தருகிறேன் என்றாள். பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது, கொடுத்தோம். கடைசியில் தண்ணிக்குள் விழுந்த மாதிரி கோணல் மாணலாக நாலைந்து இங்கிலீஷ் எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டது. எதுக்கு என்றேன். நீங்க மனுஷங்களா மிஷினான்னு செக் பண்ணுது ஆன்ட்டி என்றாள். பஸ் போர்டு படிக்கிற தைரியத்தில் நானே சொல்கிறேன் என்று சொன்னேன், தப்பு. இன்னொன்று காட்டியது, அதுவும் தப்பு. மூன்றாவது தடவை சிவப்பு எழுத்தில் ஏதோ போட்டுத் தள்ளிவிட்டது. ஐம்பது வயதாகி, இரண்டு பிள்ளை பெற்று, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன், நான் மனுஷி இல்லையாம். தலை இல்லாதவரை மட்டும் கம்ப்யூட்டர் எல்லாப் படத்திலும் வைத்துக்கொள்கிறது. ரோகிணி சிரித்துக்கொண்டே எழுத்தைத் தானே அடிக்கப் போனாள், கரண்ட் போய்விட்டது. வெளியே வரும்போது அந்த உடம்புக்காரரைக் கம்ப்யூட்டரில் தேட முடியுமா என்று கேட்டேன். பேரு தெரிஞ்சா தேடலாம் ஆன்ட்டி, விரல வச்சு தேட முடியாது என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ சொல்லும்மா சொல்லும்மா என்று அவசரப்படுத்துவாய், பாதியில் கட்டாகும்.

இதுவரைக்கும் நான் இதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போகிற வரைக்கும். காது குத்துக்குத் தேதி சொல்ல சம்பந்தி வீட்டுக்குப் போனோம். அவர் அக்கா ஞானம்பாள் ஏரிக்கரைப் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லிவிட்டு வரலாம் என்று நானும் திவ்யாவும் போனோம். அவர்கள் பெரிய பிள்ளை முத்துசாமி நான்கு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், சம்பந்தம் பேசியபோது உனக்கு எழுதியிருந்தேன். வீடு கட்டியது அதற்கு அடுத்த வருஷம். கூடத்தில் கிரகப்பிரவேசப் படம் மாட்டியிருந்தார்கள். ஞானம்பாள், அவர் வீட்டுக்காரர், சின்னப் பிள்ளை, அந்த ஓரத்தில் முத்துசாமி. சந்தனக் கலர் சட்டை. நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. செங்கல்பட்டு ஸ்டூடியோவில் கொடுத்துச் சேர்த்தார்களாம், இப்போது அந்தக் கடை இல்லையாம். திவ்யா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், பேசாதே என்று. ஞானம்பாளே என் பக்கத்தில் வந்து நின்று படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்கள். அந்தக் கட்டு இருக்கிற இடத்தை மட்டும் இரண்டு தரம் துடைத்தார்கள். மொத நாள் பந்தலுக்கு மாவிலை கட்டசொல்லோ கத்தி பட்டுச்சுங்க, சுண்ணாம்பு வச்சு நான்தான் கட்டி வுட்டேன், வலிக்குதுடான்னா வலிக்கலமான்னு சொல்றான் என்றார்கள்.

கலை, அந்தப் பந்தல் போட்டபோது முத்துசாமி செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெவசம் கொடுத்த கையோடுதான் வீட்டுக்குக் கடகால் போட்டார்கள். ஆனாலும் அவர்கள் கட்டுப் போட்டிருக்கிறார்கள், நான் போட்ட மாதிரியே, அதே சுண்ணாம்பு. அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன், நல்ல காபி, ஏலக்காய் போட்டிருந்தார்கள். காது குத்துக்குக் கட்டாயம் வாங்க என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அதுக்கின்னா, முத்து இருந்தா அவனும் வருவான்னு சொல்லுவேன் என்று சொல்லிச் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. தோகாவுக்குப் போனவனுக்கும் திரும்ப வராத இடத்துக்குப் போனவனுக்கும் ஒரே சட்டைதான், ஒரே கட்டுதான். அந்த உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. தினமும் பார்க்கிற பெற்றவளுக்கும் கொஞ்ச நாளில் தெரியாமல் போய்விடுகிறது, அதுதான் எனக்குப் பயம்.

இப்போது நீ போன வாரம் போனில் சொன்னதை யோசித்துப் பார். லீவு குடுக்க மாட்டேன்றான்மா, சீனு அண்ணன்கிட்ட சொல்லி பாப்பா என் மடில உக்காந்துகினு கீற மாதிரி போட்டுக்கோ என்று நீயே சொன்னாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, மடியில் வைத்துக் காது குத்துவதுதான் நம் வழக்கம். பிள்ளை கத்துகிற கத்தலுக்கு மாமன் சட்டையைப் பிடித்துக் கிழிக்கும், மடியை நனைக்கும், அதெல்லாம் கம்ப்யூட்டரில் எங்கே நனையும். மாப்பிள்ளை நீ சொன்னதைச் சீனுவிடம் சொல்லியிருக்கிறார். சீனுவிடம் நிற்கிற உடம்புதான் இருக்கிறதாம், உட்காருகிற உடம்பு இல்லையாம். அதனால் உன் நைனாவைக் கூப்பிட்டுச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டான். நான் திங்கட்கிழமை போனபோது காட்டினான். உன் நைனா தலை இல்லாமல் கட்டத்துக்கு நடுவில் தலையணையோடு உட்கார்ந்திருக்கிறார். நிஜ நைனா எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, தொப்பையக் கொஞ்சம் கம்மி பண்ணு சீனு, புள்ள ஒல்லியா இருப்பான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மனுஷர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

அன்றைக்கே சீனுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காது குத்துப் படத்தில் தலை ஒட்டக்கூடாது, கல்யாணப் படத்திலிருந்தும் என் பிள்ளையை எடுத்துவிடு என்றேன். ஏங்க்கா, நல்லாத்தான கீது, எடுத்தா பொக்குனு பூடும் என்றான். பொக்கென்றுதான் போகட்டும், அந்தச் சந்து எனக்கு வேண்டும் என்றேன். யாராவது வந்து ஏன் இங்கே சந்து என்று கேட்க வேண்டும், நான் என் பிள்ளை வரவில்லை என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது எனக்கு வலிக்க வேண்டும். இப்போது யாரும் கேட்பதும் இல்லை, எனக்கு வலிப்பதும் இல்லை. உன் கோபக்காரத் தங்கச்சியும் அண்ணன் வராத குறை தீர்ந்து, வுடும்மா, போட்டோல கீறதே போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இது நல்லதுக்கு இல்லை கலை. படத்தில் இருக்கிறவன் உன்னைவிட நல்லவன், எதிர்த்துப் பேசுவதில்லை, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, எல்லா விசேஷத்துக்கும் முதலில் வந்து நிற்கிறான். அவனோடு போட்டி போட்டு உன்னால் ஜெயிக்க முடியாது, அதனால் சீக்கிரம் வா.

மாசி மாதக் கடைசி ஞாயிறு, இங்கிலீஷில் மார்ச் ஒன்பது, நம் குலதெய்வம் செல்லியம்மன் கோயிலில் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள். உன் சூப்பர்வைசர் மலையாளிதானே, தாய்மாமன் மடி என்று சொல்லு, அவனுக்கும் மாமன் இருப்பான், புரிந்துகொள்வான். புரியவில்லை என்றால் எனக்கு போன் போட்டு அவனிடம் கொடு. நான்கு நாள் கிடைத்தாலும் போதும். வரும்போது தைலம், சோப்பு, பாதாம் பருப்பு ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே, உடம்போடு வா. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், பிள்ளை மென்மையாக இருக்கிறாள். ராத்திரி ஏசி காற்று நேராக மார்பில் படுகிற மாதிரி படுக்காதே, மோரை விடாதே, வெயிலில் தலையில் துணி கட்டாமல் ஏணியில் ஏறாதே. கட்டை விரலில் அடிபட்டிருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் எழுது. அடிபட்டிருந்தாலும் உண்மையைச் சொல், நான் பயப்படமாட்டேன். அடிபடவில்லை என்றால் இன்னும் நல்லது. செல்லியம்மா உன் தலையும் உடம்பும் ஒன்றாக இருக்கும்படி காப்பாற்றட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் பூவாக இருக்கட்டும், உனக்குப் பார்க்கிற பெண் என்னைவிடக் கொஞ்சம் கம்மியாகப் பேசுகிறவளாக அமையட்டும். டிக்கெட் போட்டதும் தேதியை நைனா செல்லுக்குச் சொல், மிஸ்டு கால் கொடுத்து ஏமாற்றாதே.

இப்படிக்கு
உன் மடி ஒன்றையே கேட்கிற அம்மா
மு. செங்கம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சீனு படத்தைக் கொண்டுவந்துவிட்டான். உன்னை எடுத்துவிட்டான். சந்து விட்டால் கடைக்குக் கெட்ட பேர் என்று மாப்பிள்ளை பக்கத்து ஆட்களை எல்லாம் என்னை ஒட்டி நகர்த்தி வைத்துவிட்டான், அதனால் சந்து இல்லை. நகர்த்தியதில் என் இடது கை போய்விட்டது. தோளுக்குக் கீழே புடவை நேராக மாப்பிள்ளை சட்டைக்குள் போகிறது. பழையது இருக்கிறதா என்று கேட்டேன், அதன் மேலேயே சேவ் பண்ணிவிட்டானாம். புது வளையல் போட்டிருந்த கை அது. கண்ணாடி போட்டு மாட்டியாகிவிட்டது.